முன் சென்சார்

ஜூன் 5, திங்கள்

ஆர்கான் கேஸ் ஏஜென்சிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. அஞ்சு மாசமா ஆடுற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்து வெச்சிருந்தேன். இன்னைக்கு எடுத்துத் தூசி தட்டினேன். கையும் காலும் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, எங்கயாவது கொட்டித் தீர்க்கணும்.

தரணி வந்தார். என் தங்கச்சி வினோதினியோட வீட்டுக்காரர். ரெண்டு வருஷம் கழிச்சு, கணபதியில இருக்கிற என் ஷெட் வாசல்ல அவரோட வெள்ளைக் கார் வந்து நிக்குது. நான் வெல்டிங் வெச்சுக்கிட்டு இருந்தேன். முகமூடியைத் தூக்கிப் பார்த்து, "வாங்க மாப்ளை"ன்னேன்.

"அக்கா, சைலன்சரை மாத்தணுங்க. கொஞ்சம் சத்தம் வேணும். கேட்டா ஒரு இது இருக்கணும்."

"நீங்க இங்க வந்தது வினுவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க்கா. சத்தத்தைக் கேட்டுட்டு யார் பண்ணுனதுன்னு கேப்பா இல்ல, அப்பச் சொல்லிக்கறேன்."

பொண்டாட்டிக்குப் பயந்த மனுசன். காதைச் சொறிஞ்சுக்கிட்டே மிச்சத்தைச் சொன்னார். வினுவுக்கு ஆறாவது மாசம் நடக்குதாம். ஆடி பொறக்கறதுக்குள்ள கட்டுச்சோறு வெச்சிரலாம்னு அவங்க வீட்டுல பேசறாங்களாம். கட்டுச்சோறுன்னா பொறந்த வீட்டுக்காரங்க அஞ்சு வகைச் சோறு கட்டி எடுத்துட்டுப் போகணும், எல்லாரும் உக்காந்து சாப்பிடணும், அப்புறம் பொண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டு வரணும். வினுவுக்குப் பொறந்த வீடுன்னு இப்ப என்ன இருக்கு? அம்மா எப்பவோ போயாச்சு. அப்பா போய் ரெண்டு வருஷம். மிச்சம் நான் ஒருத்தி. எங்கிட்டத்தான் அவ பேசறதே இல்லை.

"அவளா வாயைத் தொறந்து கேக்க மாட்டாங்க்கா. நீங்களாப் பார்த்து ஏதாச்சும்..." அதுக்கு மேல சொல்லத் தெரியாம டீ வாங்கப் போயிட்டார்.

அவ வரணும். என் வீட்டு உள்ரூம்ல படுத்து எந்திரிக்கணும், பிள்ளையைப் பெத்து எடுத்துட்டு இங்கிருந்து போகணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இந்த சைலன்சரை நான் போட்டுக் கொடுக்கறதைப் பார்த்து அவளே ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லணும்.

ஜூன் 6, செவ்வாய்

வண்டி ராம்ப்புல ஏறியாச்சு. பழைய பைப்பைக் கழட்டறதுக்குள்ள தாவு தீர்ந்துருச்சு. எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடின வண்டி, ஒவ்வொரு போல்ட்டும் பிடிவாதம் பிடிக்குது.

இதுல ஆக்ஸிஜன் சென்சார் ரெண்டு. இன்ஜினை ஒட்டி முன் சென்சார். அது புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடுதலா குறைவான்னு இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அதைத்தான் நம்பும். பின் சென்சார் கன்வெர்ட்டரைத் தாண்டி இருக்கு, நச்சுப் புகையைக் கன்வெர்ட்டர் சரியா வடிகட்டுதான்னு பார்க்கறதுதான் இந்தச் சென்சாரோட வேலை. நான் போடற பைப்புல கன்வெர்ட்டரே கிடையாது, இருந்தா சத்தம் வராது. பின் சென்சாருக்கு அடியில ஒரு நீள நட்டைக் கொடுத்துத் தூக்கி உக்கார வெச்சா அது ஏமாந்துரும், டேஷ்போர்டுல லைட் எரியாது. சட்டப்படி தப்புதான். சத்தத்துக்கு ஆசைப்பட்டு வர்றவங்க யாரும் அதைக் கேக்கறதில்லை, நானும் சொல்றதில்லை.

ஆனா ஒண்ணு. புது பைப்புல பழைய சென்சாரை நான் ஏத்த மாட்டேன். இது என் ஷெட் சட்டம். பழசு சூட்டுல கிடந்து மந்தமாயிருக்கும், புது பைப்போட குணத்துக்கு ஒத்துப் போகாது. பின் சென்சார் கடையிலயே கெடைச்சுது. முன்னது ஸ்டாக் இல்லையாம், வர ஒரு வாரம் ஆகுமாம். தரணிக்கு வியாழக்கிழமை வண்டி வேணும். தினமும் உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போய் வினுவை ஸ்கூல்ல விட்டுட்டுத்தான் அவர் வேலைக்குப் போகணும். அவ அங்க கெமிஸ்ட்ரி டீச்சர்.

பக்கத்து ஷட்டர் ஸ்டான்லி, ஆட்டோ எலக்ட்ரிசியன், எட்டிப் பார்த்தான். "என்ன மேடம், இன்னைக்குப் பாட்டெல்லாம் பாடிக்கிட்டு வேலை பண்றீங்க?"

"போய்யா, உன் ஒயரைப் பாரு"ன்னேன். பாடினேனான்னு எனக்கே தெரியலை.

ஜூன் 8, வியாழன்

முடிச்சுக் கொடுத்துட்டேன். நாலு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம். சத்தம் அப்படியே அடிவயித்துல இருந்து வருது. தரணி சின்னப்பிள்ளை மாதிரி ஆக்சிலேட்டரை மிதிச்சு மிதிச்சுச் சிரிச்சார். லைட்டும் எரியலை.

"சென்சார் ரெண்டும் புதுசுதானுங்க்கா?"

"பின்ன?"

கழட்டின பழைய சாமானைக் கவர்ல போட்டு வண்டிக்காரர் கையில கொடுக்கறது எங்க தொழில் வழக்கம். மாத்தினோம்னு அதுதான் சாட்சி. கொடுத்தேன், ரெண்டு. அவர் போனதும் மூணு டீ குடிச்சேன்.

ஜூன் 9, வெள்ளி

ஷெட்டைக் கழுவி விட்டேன். நேத்து சாயங்காலமும் கழுவினேன்.

ஜூன் 13, செவ்வாய்

கொரியர்ல முன் சென்சார் வந்துருச்சு. டப்பாவை மேல் தட்டுல பெயிண்ட் டின்னுக்குப் பின்னாடி வெச்சேன்.

"யார் வண்டிக்கு மேடம்?"ன்னு ஸ்டான்லி கேட்டான்.

"வேற ஒரு வண்டிக்கு."

அவன் டப்பா மேல ஒட்டியிருந்த பார்ட் நம்பரைப் படிச்சான். தன் கடைக்குத் திரும்பிப் போனான். ஆளு சும்மா இருந்தாத்தான் எனக்கு எரிச்சலா வருது. போல்ட் டிரே எல்லாத்தையும் கொட்டி சைஸ் வாரியாப் பிரிச்சு அடுக்கினேன். பிரிச்சது சரியில்லைன்னு பட்டது, மறுபடி கொட்டினேன்.

ஜூன் 17, சனி

தரணி போன் பண்ணினார். வண்டியைக் கொண்டு போன அன்னைக்கே சத்தத்தைக் கேட்டு வினு வாசலுக்கு வந்துட்டாளாம். "இதென்ன, ஊரைக் கூட்டறீங்க"ன்னு திட்டிட்டு, யார் பண்ணுனதுன்னு கேட்டாளாம். சொல்லிட்டாராம்.

"என்ன சொன்னா?"

"அந்தக் கவரைப் பிரிச்சுப் பழைய சென்சாரைக் கையில எடுத்துப் பார்த்தா. உள்ள வெச்சுட்டு, 'அவளுக்கு வேலை நல்லாத் தெரியும்'னா."

அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை தடவை மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தேன்னு எழுதினா எனக்கே வெக்கக்கேடு. ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு சரவணம்பட்டி வரைக்கும் போனேன். அங்க ஒரு வேலையும் இல்லை. திரும்பி வந்தேன்.

ஜூன் 20, செவ்வாய்

வினு பேசினா. வினுவே பேசினா!

"அக்கா."

"சொல்லு அம்மிணி."

"ஜூலை ஒம்பது, ஞாயித்துக்கிழமை கட்டுச்சோறு. வருவியா?"

"வர்றேன். வந்து கூட்டிட்டு வந்தர்றேன். உள்ரூமை வெள்ளையடிச்சு வெக்கறேன்."

"புளிச்சோறு மட்டும் நீ கிண்டாதே. கடையில வாங்கு. உன் புளிச்சோத்தைத் தின்னா ஏழாம் மாசமே பொறந்துரும்."

ரெண்டு பேரும் சிரிச்சோம். ரெண்டு வருஷத்துச் சிரிப்பு. அப்புறம் அவ குரலை இறக்கி, "சென்சார் ரெண்டும் புதுசாப் போட்டியாமா. பழசைக் கூட அவர் காமிச்சாரு. நல்லாப் பண்ணியிருக்கே"ன்னா.

அடுப்புல பால் இருக்கு, வெச்சுரட்டுமான்னு கேட்டு வெச்சுட்டேன். ஷெட்டுல ஏது அடுப்பு?

ஜூன் 22, வியாழன்

தரணிக்குப் போன் போட்டு, "வண்டியை ஒரு தடவை செக்கப்புக்குக் கொண்டாங்க மாப்ளை"ன்னேன். கொண்டு வந்தா அரை மணி நேர வேலை, முடிச்சு அனுப்பிரலாம், ஒருத்தருக்கும் தெரியாது.

"விசேஷம் முடியட்டுங்க்கா. இப்ப மூச்சு விட நேரமில்லை. ஏதாச்சும் அவசரமா?"

"சேச்சே, அவசரமெல்லாம் ஒண்ணுமில்லை."

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 25, ஞாயிறு

உள்ரூமுக்கு வெள்ளையடிச்சேன். ஃபேனைத் துடைச்சேன். கட்டிலை ஜன்னலோரம் போட்டேன், வெயில் அடிக்குதேன்னு சுவரோரம் மாத்தினேன், காத்து வராதேன்னு மறுபடி ஜன்னலோரம் இழுத்தேன்.

தரணி பந்தல்காரர் நம்பர் கேட்டுக் கூப்பிட்டார். பேச்சுவாக்குல, "வண்டி பெட்ரோல் ரொம்பக் குடிக்குதுங்க்கா. பின் பம்பர்ல கரியா அப்புது"ன்னார்.

"புது பைப் மாப்ளை. செட்டாக நாளாகும்."

ஸ்டான்லி சாலிடரிங் வேலைக்கு வந்தவன் கேட்டுக்கிட்டு நின்னான். போனை வெச்சதும், "பைப் என்ன புது மருமகளா மேடம், செட்டாகறதுக்கு?"ன்னான். அவன் மேல ஸ்பேனரை விட்டெறிஞ்சிருப்பேன். எறியலை.

ஜூன் 26, திங்கள்

வினு மத்தியானம் ஸ்கூல்ல இருந்து பேசினா. இப்பெல்லாம் தினம் பேசறா. வாந்தியும் தலைவலியும் தாங்கலையாம். மசக்கை நாலு மாசத்தோட போகும்னாங்க, எனக்கு இப்பத்தான் வருதுன்னா. காலையில ஸ்கூலுக்கு வந்து எறங்கறப்ப மண்டை பிளக்குமாம், மத்தியானம் சரியாயிருமாம், சாயங்காலம் வீடு போய்ச் சேர்றப்ப மறுபடி பிளக்குமாம்.

"ஞாயித்துக்கிழமை?"ன்னு கேட்டேன்.

"அன்னைக்கு இல்லை. லீவுல்ல, படுத்தே கிடந்தேன். அதான் போல."

வெயில்தான் காரணமா இருக்கும். மோர் குடிக்கச் சொன்னேன்.

ஜூன் 27, செவ்வாய்

வெயில் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் ரெண்டு நாளா மழை மூட்டமாம். மழைன்னா கண்ணாடியை ஏத்தி விட்டுத்தான் ஓட்டுவாங்க.

ஜூன் 28, புதன்

காலையில அஞ்சு மணிக்கே ஷெட்டைத் தொறந்துட்டேன். எழுதிட்டுத்தான் போகணும். எழுதாமப் போனா வாய் மறுபடி ஏதாவது சொல்லிரும்.

முன் சென்சாரை நான் மாத்தலை. புதுசு வரலை. பழசைக் கழட்டறப்பவே அதோட மரை பாதி அரைபட்டுப் போச்சு. புது பைப்புல வெல்டு வெச்ச நட்டுக்குள்ள அதையே திருப்பித் திருகினேன். கோணலா ஏறிச்சு. அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை போகாதுங்கறது சும்மா இல்லை. ஒரு மரை மீதி உக்காராம நின்னுருச்சு. சுத்தியும் சிவப்பு சிலிக்கான் பேஸ்ட்டை அப்பினேன். அந்த இடத்துச் சூட்டுக்கு அது நிக்காதுன்னு தெரியும். அந்தப் பேஸ்ட்டோட ஆவி சென்சாரையே கெடுக்கும்னும் தெரியும். என்கிட்டப் பைப் வாங்கற அத்தனை பேருக்கும் நானே சொல்ற பாடம் அது.

கவர்ல கொடுத்த ரெண்டு பழைய சென்சார்ல ஒண்ணு அந்த வண்டியோடதே இல்லை. ஸ்கிராப் டிரேயில இருந்து எடுத்துப் போட்டது.

ஒரு வாரம் பொறுங்க மாப்ளைன்னு சொல்லியிருக்கலாம். பழைய பைப்பையே மாட்டி அனுப்பியிருக்கலாம். அக்கா ரெண்டையும் புதுசாப் போட்டாள்னு அவர் போய் வினுகிட்டச் சொல்லணும்னு எனக்கு ஆசை. அவ்வளவுதான் விஷயம்.

இப்ப அங்க என்ன நடக்குதுன்னா, பேஸ்ட் கருகி இடைவெளி விட்டிருக்கும். அந்த வழியா வெளிக்காத்து உள்ள போகுது. சென்சார் அதை மோந்துட்டு, பெட்ரோல் பத்தலைன்னு பொய் சொல்லுது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலை ஊத்துது. அரைகுறையா எரியற பெட்ரோல் விஷப்புகையாகுது. தடுக்கறதுக்குக் கன்வெர்ட்டர் இல்லை, எச்சரிக்கறதுக்கு லைட் இல்லை. அதே இடைவெளி வழியாப் புகை வெளிய வந்து, ஏசிக் காத்தோட வண்டிக்குள்ள போகுது. தினமும் போக ஒரு மணி, வர ஒரு மணி. வினுவும் அவ வயித்துல இருக்கறதும்.

அப்பாவுக்கும் நான் இதையேதான் பண்ணினேன். நெஞ்சு கரிக்குதுன்னார். ஈசிஜி எடுத்துரு அக்கான்னு வினு உடுமலையில இருந்து போன் மேல போன். எனக்கு ஒரு ரேஸ் வண்டி டெலிவரி இருந்துது. எடுத்தாச்சு, ஒண்ணுமில்லையாம்னு சொல்லிட்டேன், சனிக்கிழமை கூட்டிட்டுப் போயிரலாம்னு நினைச்சுக்கிட்டு. அப்பா வெள்ளிக்கிழமை போயிட்டார். ஈசிஜி எடுக்கவே இல்லைன்னு ஆஸ்பத்திரியில கேட்டப்ப அவளுக்குத் தெரிஞ்சு போச்சு.

இதைச் சொன்னா அவ இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டா. தெரியும்.

ஆறு மணியில இருந்து தரணிக்கு ஒம்பது தடவை போட்டேன், எடுக்கலை. வினுவும் எடுக்கலை. கிளம்பறேன்.

அதே நாள், சாயங்காலம்

ஸ்டான்லிகிட்டச் சொன்னேன். ஷெட்டைப் பார்த்துக்கன்னதும் காரணம் கேட்டான், கொட்டிட்டேன். "டப்பா வந்த அன்னைக்கே தெரியும் மேடம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்கன்னு. நானும் வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்"னு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஸ்கூட்டர்ல பொள்ளாச்சி போய்ச் சேர்றப்ப பதினொண்ணு. மழையில தொப்பலா நனைஞ்சு ஸ்கூல் கேட்டுல நின்னேன். வினு வந்தா. ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் நேர்ல பார்க்கறேன். மேடிட்ட வயிறு, கன்னமெல்லாம் வத்தி, கண்ணைச் சுருக்கிக்கிட்டு வந்தா. வெளிச்சம் பட்டாக்கூட வலிக்குதாம்.

"என்னக்கா, இப்படி நனைஞ்சுட்டு? யாருக்காச்சும் ஏதாச்சும்..."

"வினு, இனி அந்தக் கார்ல ஏறாதே. முன் சென்சார் நான் மாத்தலை. பழசையே கோணலாத் திருகிப் பேஸ்ட் வெச்சு அனுப்பிட்டேன். புகை வண்டிக்குள்ள வருது. உனக்கு மசக்கை இல்லை."

கெமிஸ்ட்ரி டீச்சர். அதுக்கு மேல விளக்க வேண்டியிருக்கலை. "கார்பன் மோனாக்சைடா?"ன்னா. தலையை ஆட்டினேன். அவ கை தானா வயித்துக்குப் போச்சு.

"எப்பயிருந்து தெரியும்?"

"வண்டி பெட்ரோல் குடிக்குதுன்னு அவர் சொன்னப்ப..."

"அக்கா. எப்பயிருந்து?"

"திருகுனப்பவே."

அவ கத்துவான்னு நினைச்சேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஆட்டோ பிடிக்கச் சொன்னா. நானும் வர்றேன்னு காலெடுத்து வெச்சேன். "நீ வராதே"ன்னா. ரொம்ப மெதுவாச் சொன்னா.

தரணி ஆபீஸ் பார்க்கிங்ல நின்ன காரை வாங்கி, ஏசியைப் போடாம, நாலு கண்ணாடியையும் எறக்கி, மழைச் சாரல் அடிக்க அடிக்க ஓட்டிட்டு வந்து சேர்ந்தேன். என் ஸ்கூட்டர் இன்னும் பொள்ளாச்சி ஸ்கூல் வாசல்ல நிக்குது. சாவியை எனக்குத் தர்றப்பத் தரணி என் முகத்தைப் பார்க்கலை. எப்பவும் அக்கா அக்காம்பார். இன்னைக்கு ஒரு தடவை கூடச் சொல்லலை.

ஜூலை 1, சனி

தரணி மெசேஜ் மட்டும் அனுப்பினார். ஆஸ்பத்திரியில மாஸ்க் போட்டு ஆக்ஸிஜன் வெச்சாங்களாம். ரத்தத்துல விஷம் கொஞ்சம் இருந்துதாம். பிள்ளையோட துடிப்பு நல்லா இருக்காம், எடை மட்டும் கொஞ்சம் கம்மியாம். அது இதனாலயா, இயல்பே அப்படியான்னு டாக்டருக்குச் சொல்லத் தெரியலை. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேன்.

தலைவலி நின்னுருச்சாம்.

கட்டுச்சோறு பத்தி ஒரு வார்த்தை இல்லை. நானும் எந்த வாயால கேக்கறது?

ஜூலை 3, திங்கள்

என் பைப்பைக் கழட்டி அறுத்துப் போட்டேன். ஷெட் மூலையில கிடந்த பழைய பைப்பை, கன்வெர்ட்டரோட, திருப்பி மாட்டினேன். முன் சென்சார் நட்டோட மரையை முழுசா ஓட்டிச் சுத்தம் பண்ணி, புது சென்சாரைக் கையாலயே கடைசி மரை வரைக்கும் திருகி, அப்புறம்தான் ஸ்பேனர் போட்டேன். பின்னதும் நேரா உக்காந்திருக்கு, நீள நட்டெல்லாம் கிடையாது. ஸ்டான்லி ஸ்கேனர் போட்டுப் பார்த்தான். சரியா இருக்குன்னான். இன்னொரு தடவை பாருன்னேன். பார்த்தான். இன்னொரு தடவைன்னேன். "மேடம், சென்சார் உங்களுக்குத்தான் வேணும்"னான்.

ஜூலை 5, புதன்

சோப்பு நுரை அடிச்சு ஒவ்வொரு ஜாயின்டாப் பார்த்தேன். குமிழி இல்லை. நேத்தும் இல்லை.

ஜூலை 7, வெள்ளி

வினுகிட்ட இருந்து மெசேஜ். "ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டு வா." அவ்வளவுதான். வண்டியை மட்டுமா, சோத்தோடயா? சோறு கட்டிட்டுப் போய், மாப்பிள்ளை வீட்டு ஜனத்துக்கு முன்னாடி அவ வர மாட்டேன்னுட்டா? கட்டாமப் போய், பொறந்த வீட்டுல இருந்து ஒரு பிடி சோறு வரலைன்னு அவளுக்குத் தலைகுனிவு ஆயிட்டா? நாள் பூரா ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடந்ததுதான் மிச்சம்.

கட்டுவோம். திருப்பி அனுப்பினா அனுப்பட்டும்.

ஜூலை 8, சனி

தேங்காய், எலுமிச்சை, எள்ளு, தயிர் நாலும் நாளைக்கு விடியல்ல நானே. புளிச்சோறு கடையில சொல்லியாச்சு.

ஜூலை 10, திங்கள்

நேத்து நடந்ததை இப்பக் காலையில உக்காந்து எழுதறேன்.

ஒம்பது மணிக்கு உடுமலை போய்ச் சேர்ந்தேன். வாசல்ல பந்தல், முப்பது நாப்பது பேர். தரணியோட சொந்தமெல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. அவங்களுக்கு எவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியலை. சோத்துத் தூக்குப்போசியை எறக்கி வெச்சேன். எள்ளுச்சோறு லேசாக் கருகி வாசனை வந்துக்கிட்டு இருந்துது.

வினு பட்டுச்சேலையோட வந்தா. புகை இருந்தா அலறுற சின்ன மிஷின் ஒண்ணு வாங்கி வண்டிக்குள்ள மாட்டியிருந்தேன். பூஜ்யம்னு காட்டுது பாரு அம்மிணின்னு கையை நீட்டினேன்.

அவ மிஷினைப் பார்க்கலை. "ஏறு"ன்னா.

"எங்க?"

"பின் சீட்டுல. நான் உக்கார்ற பக்கம்."

ஏறினேன். தரணியைக் கூப்பிட்டு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னா, ஏசியைப் போடச் சொன்னா, கண்ணாடியெல்லாம் ஏத்தச் சொன்னா. கதவைச் சாத்திட்டு, ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்து வெளிய ஜன்னலுக்கு நேரா போட்டு உக்காந்தா. கையில வாட்ச்.

"ஒரு மணி நேரம்"னு கண்ணாடி வழியாச் சொன்னா. எனக்குச் சத்தம் கேக்கலை, உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுது.

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்க்குது. யாரோ ஒரு பெரியம்மா வந்து, "பொண்ணோட அக்காவை எதுக்கும்மா வண்டிக்குள்ள பூட்டி வெச்சிருக்கே?"ன்னு கேக்கறது தெரிஞ்சுது. வினு என்ன சொன்னாளோ, அந்தம்மா வாயைப் பொத்திக்கிட்டுப் போயிட்டாங்க. நான் உக்காந்திருந்தேன். ஒரு மாசமா ஒரு இடத்துல பத்து நிமிஷம் உக்காராதவ, அசையாம உக்காந்திருந்தேன். வேர்த்துது, ஏசி ஓடறப்பவே வேர்த்துது. என் வேலை மேல எனக்கே நம்பிக்கை இல்லாம, தலை வலிக்குதா, வலிக்குதான்னு தேடிக்கிட்டே இருந்தேன். இன்ஜினுக்கு ஒரு சத்தமும் இல்லை. சும்மா ஓடிக்கிட்டு இருந்துது.

நாப்பது நிமிஷம் இருக்கும். வினு சேர்ல கையை ஊனி எந்திரிச்சா. கதவைக் கொஞ்சமாத் தொறந்தா.

"தலை வலிக்குதா?"

"இல்லை."

"பொய் சொல்லாதே."

"இல்லை வினு. சாமி சத்தியமா இல்லை."

என் முகத்தையே பார்த்தா. அப்பாவோட கண்ணு அவளுக்கு. அப்புறம், "தள்ளி உக்காரு"ன்னுட்டு, சேலையைச் சுருட்டிக்கிட்டு ஏறி எம்பக்கத்துல உக்காந்து கதவைச் சாத்தினா.

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. அவ நேரா முன்னாடி பார்த்துக்கிட்டு இருந்தா. முன் சீட்டுல தரணி கண்ணாடியில எங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டுப் பட்டுனு பார்வையைத் திருப்பிக்கிட்டார்.

"அழுது முடி. சோறு ஆறிப் போகுது"ன்னா வினு. "உன் வீட்டுக்கு வர்றேன். எனக்குப் போறதுக்கு வேற வீடு இல்லை. டாக்டர் கேப்பாங்க, என்ன நடந்துதுன்னு நீதான் வந்து சொல்லணும், எதையும் மறைக்காம."

"சொல்றேன்."

"அப்பாவுக்குப் பண்ணினது, எனக்குப் பண்ணினது, அதையெல்லாம் நான் ஏதோ ஒரு நாளைக்கு மன்னிச்சுருவேன்னு நினைக்கறேன். ஆனா இதுக்குப் பண்ணினதை..." வயித்து மேல கையை வெச்சா. வளையல் எல்லாம் ஒண்ணா இறங்கிச்சு. "இதுக்குப் பண்ணினதை மன்னிக்க நான் யாரு? பொறந்து வரட்டும். பேசக் கத்துக்கட்டும். அப்ப நீயே அதுகிட்டச் சொல்லிக் கேளு."

சரின்னேன். எறங்கிப் போய்த் தூக்குப்போசியைத் தொறந்தேன்.